துரியோதனனுக்குக் களையெடுப்பு

எங்கள் ஊரில் துரியோதனன் சாகாமல் படுத்துக் கிடந்ததால் என் மகள் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். திண்டிவனத்தில் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, மாமன் மச்சானுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த பிறகு, ஒரு மண் பொம்மை குறுக்கே படுத்துக்கொண்டு வழிவிட மாட்டேன் என்றால் அவர்களுக்கும் தெரியும்.

என் பெயர் லட்சுமியம்மாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே வந்தால் வேம்பேரி, எங்கள் ஊர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளம்தான். அதுவும் இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் பச்சைமுத்துவை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது. யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்கிற மனிதர் அவர்.

எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் வைகாசி பிறந்தால் பாரதம். பகலில் படிப்பார்கள், ராத்திரி கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். கோயிலுக்கு எதிரே ஏரி மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்வார்கள். ஒரு லாரியை விட நீளமாக இருப்பான். வலது தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் ஊற்றிய மண் கலயம் ஒன்றை வைத்து மூடியிருப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் அடிப்பார். கலயம் உடையும், ரத்தம் கொப்பளிக்கும், பாஞ்சாலி வேஷக்காரர் அதைத் தொட்டுத் தலையில் தடவி, அவிழ்ந்து கிடந்த கூந்தலை முடிவார். போர் முடிந்தது. ஜனங்கள் விழுந்தடித்து மண்ணை அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் நிலத்தில் போடுவார்கள். சாயந்திரம் தீ மிதிப்பார்கள், மறுநாள் கொடியை இறக்கிக் காப்பு அவிழ்ப்பார்கள்.

காப்பு அவிழ்க்கும்வரை காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் கட்டியிருந்தோம். எதற்கு? மகள் சங்கவியின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்க வேண்டும் என்றுதான். அம்மனுக்குக் காது கேட்கவில்லையா, அல்லது கேட்டுவிட்டு விளையாடினாளா, எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பீமன் அடித்ததும் தொடையிலிருந்து பெயர்கிற முதல் மண்கட்டியை எடுத்துக் கோயிலுக்குள் உறியில் வைப்போம். அதற்குத் தாய்க்கட்டி என்று பெயர். அடுத்த வருஷம் புது மண் குழைக்கும்போது அதைப் பொடித்துக் கலப்போம், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அது கலக்காமல் செய்தால் அவன் துரியோதனன் இல்லை, வெறும் சேறு. இது எப்போது யார் ஆரம்பித்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுத் தயிருக்கு முதல் உறை யார் கொடுத்தது என்றும் எனக்குத் தெரியாது. தயிர் புளிக்கிறது, சாப்பிடுகிறோம்.

வினையை இழுத்துவிட்டது விழாக் கமிட்டித் தலைவர் நெடுஞ்செழியன். கோலியனூர் பக்கம் ஒரு ஊரில், வயலில் கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் 'தொன்மைச் சின்னம்' என்று நீலப் போர்டு நட்டுவிட்டார்கள். அதைப் பஸ்ஸிலிருந்து பார்த்த நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். "கல்லுக்கே போர்டுன்னா நம்ம பாரதத்துக்கு இன்னா கொறைச்சல்?" என்று விழுப்புரத்துக்கு நாலு நடை நடந்தார். அங்கே மரபுச் செல்வப் பேணுகைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும்.

அங்கிருந்து அருணா என்கிற பெண் படுகளத்துக்கு முந்தின நாள் வந்தாள். சின்னப் பெண், கண்ணாடி போட்டிருந்தாள், தோள் பையில் பல்விளக்குகிற பிரஷ் மாதிரி நிறைய பிரஷ்கள். செல்போனை நீட்டி, "இவரைப் பத்திச் சொல்லுங்க சார்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் நெடுஞ்செழியனை சார் என்று கூப்பிட்டார். அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க துரியோதனன் ஐநூறு வருசமா இதே எடத்துலதான் படுத்துக்கினு இருக்காருங்க மேடம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் துரியோதனனின் இடது காது அப்போது காய்ந்திருக்கக்கூட இல்லை. அதை வைத்தது நான். ஆனால் பெருமை பேசுகிற ஆம்பளையை நடுவில் நிறுத்தினால் ஊரே நம்மைத்தான் திட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியிருந்த ஒரே தருணம் அது. அதற்குத்தான் அத்தனை பேஜார்.

மறுநாள் படுகளம். பம்பை மேளம் காதைக் கிழித்தது. பீமன் வேஷத்தில் ஜெகதீசன் கதையைச் சுழற்றிக்கொண்டு துரியோதனனை மூன்று சுற்று வந்தார். பாஞ்சாலி வேஷத்தில் மாரியப்பன் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஓலமிட்டார். ஜெகதீசன் கதையை ஓங்கினார். அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. அருணா குதித்து ஓடிவந்து துரியோதனனுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"அடிக்காதீங்க! ப்ளீஸ், அவரை அடிக்காதீங்க!"

பம்பை நின்றது. ஓங்கின கை ஓங்கினபடியே இருக்க, ஜெகதீசன் மாரியப்பனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "யாருப்பா இது? நம்ம கூத்து ஜமாவுல புதுசா சேர்ந்திருக்குதா?"

"இவர் ஐநூறு வருஷத்துச் சின்னம். நேத்து ராத்திரியே கழகத்துல அறிவிச்சுட்டாங்க. இனிமே இவர் மேல ஒரு கீறல்கூட விழக் கூடாது" என்றாள் அருணா. பின்னால் இரண்டு ஆட்கள் நீலப் போர்டோடு நின்றார்கள்.

நான் முன்னால் போனேன். "கண்ணு, இது போன வியாழக்கெழமை செஞ்சது. அதோ அந்தக் காது நான் வெச்சது. வேணும்னா பாரு, என் வெரல் ரேகை இருக்கும்."

அவள் குனிந்து காதைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "எவ்வளவு பழைய கைரேகை" என்றாள்.

"அடி ஆத்தே! கெழவின்னு சொல்றியா என்னை?"

"இல்லம்மா, உங்களுக்குப் புரியல. நீங்க வருஷா வருஷம் மேல புதுசாப் பூசறீங்க. உள்ளே அந்தப் பழையவர் அப்படியே இருப்பார்."

"உள்ள வைக்கோலும் கலயமும்தான்மா இருக்குது."

"அதை உடைச்சுப் பார்த்தாதானே தெரியும்? உடைக்கக் கூடாதே" என்றாள்.

எல்லோரும் நெடுஞ்செழியனைப் பார்த்தோம். 'நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை போதும். அவர் போர்டைப் பார்த்தார். கோலியனூர் பக்கத்துப் போர்டைவிட ஒரு சாண் பெரிசு. வானத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்றார். போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது யார் என்று தெரியவில்லை. சாயந்திரத்துக்குள் யாரோ அதற்குக் கற்பூரமும் காட்டிவிட்டார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். துரியோதனன் சாகவில்லை, ஆகவே போர் முடியவில்லை. போர் முடியாததால் தீமிதி இல்லை, காப்பு அவிழவில்லை, கொடி இறங்கவில்லை. கூத்து ஜமாவுக்கு அடுத்த ஊரில் பந்தல் போட்டாகிவிட்டது. பீமனும் மற்றவர்களும் வேன் ஏறிவிட்டார்கள். மாரியப்பனால் மட்டும் ஏற முடியவில்லை. முடியை விரித்து ஓலமிட்ட பாஞ்சாலி, அதை முடியாமல் ஊரை விட்டுப் போனால் ஊருக்கு ஆகாது. அவர் கோயில் வாசலில் லுங்கியோடு உட்கார்ந்து, தலைவிரி கோலமாக பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி வீடியோ காலில் திட்டுவது தெருமுனை வரை கேட்டது.

"கூந்தலை முடிஞ்சிக்கினு ஊட்டுக்கு வாய்யா!"

"சபதம்டி!" என்பார் மாரியப்பன். "துரியோதனன் ரத்தம் வராம எப்படி முடியறது? பாரதத்துல அப்படி இல்லியே!"

அருணா தினமும் விழுப்புரத்திலிருந்து வந்தாள். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். இந்த மண் பல்லாயிரம் வருஷப் பழமையானது என்று முடிவு வந்தது. நெடுஞ்செழியன் துள்ளினார். "பார்த்தியா லட்சுமி? நான் ஐநூறுன்னு கொறைச்சு இல்ல சொல்லிட்டேன்!"

"அண்ணே, மண்ணு எங்கனா புதுசா கெடைக்குமா? ஏரியில மண்ணு உங்க தாத்தா போட்டதா?" என்றேன். காதில் வாங்கினால்தானே.

வெயில் ஏற ஏறத் துரியோதனன் மூக்கில் விரிசல் விட்டது. அருணா பதறிப்போய்த் தகரக் கொட்டகை போட வைத்தாள். மருந்து அடிக்கிற ஸ்பிரேயர் ஒன்றை என் வீட்டுக்காரர் தோளில் மாட்டி, காலையும் மாலையும் பன்னீர் தெளிக்கிற மாதிரி மெல்லத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். கழுத்தில் 'பராமரிப்பாளர்' என்று ஒரு அட்டையும் தொங்கியது. துரியோதனன் தொடையை உடைக்கிற விழாவுக்குக் காப்புக் கட்டிய மனிதர், அதே கையால் அதே தொடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்களுக்கு வெக்கமா இல்ல? பொண்ணு கல்யாணம் வருது, நீங்க துரியோதனனைக் குளிப்பாட்டிக்கினு நிக்கிறீங்க."

"அந்தப் பொண்ணு சொல்றதைப் பார்த்தா, ஒரு பழைய பொருளைக் காப்பாத்தணும்னு..."

"அப்போ உடைக்கணும்னு நான் சொல்றது?"

"அதுவும் சரிதான்" என்றார்.

சம்பந்தி கெங்கம்மாள் திண்டிவனத்திலிருந்து காரில் வந்தாள். ஊருக்குள் வரவில்லை. எல்லைக் கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "உள்ள வந்தா என் கையிலயும் எதையாச்சும் கட்டி உட்டுடுவீங்க" என்றாள். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் மழையே காணாத வாய்க்கால். முகூர்த்தப் புடவையைக் கார் பானட்டில் விரித்துக் காட்டினாள். நான் எட்டித் தொட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை.

"சம்பந்தி, முகூர்த்தத்தை மாத்த முடியாது. இதை உட்டா ஆடி பொறந்துடும், ஆவணியில பையன் வேலைக்கு வெளியூர் போறான். உங்களால வர முடிஞ்சா வாங்க. இல்லன்னா பொண்ணை மட்டும் அனுப்புங்க. என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் தாரை வார்த்துக் குடுப்பாங்க."

நான் வாய்க்கால் விளிம்புக்கே போய்க் கத்தினேன். "பெத்தவ நான் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி தாரை வார்ப்பாளா?"

"அப்போ உங்க துரியோதனனைச் சாகச் சொல்லுங்க" என்றாள். அதோடு விட்டாளா? "இன்னொன்னு. கல்யாணத்துக்கு அப்புறம் வருசா வருசம் திருவிழாவுக்குன்னு பொண்ணைக் கூப்ட்டுக்கினு வராதீங்க. வந்தா திரும்பி வர முடியாத ஊரா இருக்குது இது. முறைக்கு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், போதும்."

கார் போய்விட்டது. நான் கல்வெர்ட்டு மேல் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேனா, துக்கத்திலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சங்கவி திண்டிவனத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். காப்புக் கட்டாததால் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். சாயந்திரம் வந்ததும் செல்போனோடு துரியோதனன் கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். சின்னதிலிருந்தே, ஒவ்வொரு வருஷமும் அவன் கிடக்கிற நாளெல்லாம் அவளுக்கு அது பழக்கம். அன்றைக்கு நான் சம்பந்தி சொன்னதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் செல்போனை மடியில் வைத்தாள்.

"ம்மா, நீங்க ரெண்டு பேரும் இல்லாம நான் போக மாட்டேன். இவன் கிடக்கிற வரைக்கும் நானும் இங்கதானே? கிடந்துட்டுப் போறான் உடும்மா."

"வாயைக் கழுவுடி" என்றேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைக் குத்திவிட்டது.

கமிட்டி கூடியது. துரியோதனனைக் கொல்லாமலே காப்பை அவிழ்க்கலாமா என்று அம்மன் முன்னால் பூப் போட்டுக் கேட்டார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறை போடப் போன நெடுஞ்செழியனின் கையைப் பூசாரியே தட்டிவிட்டார்.

பிறகு அருணா ஒரு யோசனை சொன்னாள். பாவம், அவளுக்கும் என் மகள் கல்யாணக் கவலை தெரியும். பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில் ஃபைபரில் துரியோதனன் செய்யச் சொல்லியிருந்தாள், மாதிரி உருவம் என்று. "உண்மையானவரை விட்டுடுங்க. இவரை அடிச்சுக்கோங்க" என்றாள். டெம்போவில் வந்து இறங்கினான் அவன். மஞ்சள் முகம், சிவந்த உதடு, பனியன் விளம்பரக்காரன் மாதிரி சிரிப்பு. ஜெகதீசனை அடுத்த ஊரிலிருந்து ஒரு மத்தியானத்துக்கு மட்டும் கெஞ்சிக் கூட்டி வந்தோம். பம்பை முழங்கியது. ஜெகதீசன் மூன்று சுற்று வந்து ஓங்கி ஒரு போடு போட்டார்.

கதை அப்படியே எகிறித் திரும்பி அவர் முட்டியில் விழுந்தது. துரியோதனனுக்கு ஒரு கீறல் இல்லை, சிரித்துக்கொண்டே கிடந்தான். பீமனுக்கு முட்டி விலகிவிட்டது. தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினோம். "பாரதத்துல இப்படி இல்லியே, இப்படி இல்லியே" என்று மாரியப்பன் முடியை விரித்தபடி பின்னாலேயே ஓடினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இப்போது ஊரில் சாகாத துரியோதனன் இரண்டு பேர்.

ஆனி பாதி கடந்தது. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. போர்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு நானே உலக்கையால் அடிக்கட்டுமா என்று கேட்டால், ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. பாதிப் பேர் அடி என்றார்கள். பாதிப் பேர் போர்டு போனால் மானம் போகும் என்றார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

அப்போதுதான் கோரை முளைத்தது.

ஏரி மண்ணில் கோரைக் கிழங்கு இருக்கும். காய்ந்து கிடந்தால் பேசாமல் இருக்கும். என் வீட்டுக்காரர்தான் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறாரே! முதலில் வயிற்றில் நாலு பச்சை முளை. பிறகு மார்பில், மீசையில். வலது தொடையில்தான் காடு மாதிரி மண்டியது. இன்னும் நாலு நாள் விட்டால் மாடு கட்டலாம். வந்து பார்த்த அருணா பிரஷ்ஷை எடுத்துக் கோரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"வேர் உள்ளே போய் இவரைப் பிளந்துடும்! அம்மா, இதை எப்படி எடுக்கறது? பிரஷ்ல வரலையே!"

பிரஷ்ஷால் கோரை எடுக்கப் பார்த்த ஆளை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "கோரையை மேலாகப் புடுங்கினா மறுநாளே வரும் கண்ணு. கெழங்கோட எடுக்கணும்."

"நீங்க எடுத்துத் தர முடியுமா? ஜாக்கிரதையா?"

"களை எடுக்கறதுக்குச் சட்டத்துல இடம் இருக்குதா?"

"பராமரிப்புப் பணிக்கு அனுமதி உண்டு" என்றாள். கமிட்டியும் ஒப்புக்கொண்டது. களை எடுப்பது உடைப்பது ஆகாது, போர்டுக்கும் பங்கமில்லை. நெடுஞ்செழியனே, "ஜல்தியா ஆரம்பிங்கம்மா" என்றார்.

மறுநாள் காலை நானும் பக்கத்து வீட்டு வீரம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் களைக்கொத்தோடு வந்தோம். மல்லாட்டைக் கொல்லையில் வரிசை பிடிப்பது மாதிரியே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துரியோதனன் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். வீரம்மாளுக்கு மார்பு, இன்னொருத்திக்கு வயிறு. வலது தொடை எனக்கு. நானாகத்தான் கேட்டு வாங்கினேன். கலயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? மண் பூசும்போது பக்கத்தில் நின்றவள் நான்.

சங்கவி அன்று வேலைக்குப் போகவில்லை. கால்மாட்டில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அருணா என் பக்கத்தில் குனிந்து, "இங்கேதான் ரொம்ப அடர்த்தியா இருக்கு. நல்லா ஆழமா எடுங்கம்மா" என்றாள்.

"ஆழமாவா?"

"வேர் மிஞ்சக் கூடாது."

களைக்கொத்தை ஓங்கினேன். ஓங்கின கை நின்றுவிட்டது. எத்தனை நாள் சபித்திருப்பேன் அவனை! கட்டையிலே போக, மண்ணாய்ப் போக என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இப்போது ஒரு கொத்துத்தான் பாக்கி. கொத்தினால் போர் முடியும், கொடி இறங்கும், என் பெண் கார் ஏறுவாள். கொத்தாவிட்டால் அவள் இதோ இப்படியே கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். யாரை உடைக்க இத்தனை நாள் கத்தினேனோ, அவன்தான் என் பெண்ணை எனக்குப் பிடித்து வைத்திருந்தான். எனக்கு அது அங்கே, அந்தத் தொடை மேல் உட்கார்ந்துதான் புரிந்தது. அழுகை வந்துவிட்டது.

சங்கவி எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"கொத்தும்மா" என்றாள். "செஞ்சதே அதுக்குத்தானே."

கொத்தினேன். கலயம் சத்தம் இல்லாமல் பிளந்தது. பீய்ச்சி அடிக்கும் என்று நினைத்தேன். இல்லை. இத்தனை நாளும் கலயம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான் கோரை அந்த இடத்தில் அப்படிக் கொழுத்திருந்தது. அடியில் ஒரு கை அளவு சிவப்பு மிஞ்சியிருந்தது. அது மெதுவாக, நிஜமான ரத்தம் மாதிரி, தொடை வழியாக இறங்கியது.

"வந்துடுச்சு! ரத்தம் வந்துடுச்சு!" மாரியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். விரலால் தொட்டுத் தலையில் தடவினார். அத்தனை நாள் சிக்குப் பிடித்த முடியை வாரிச் சுருட்டிக் கொண்டை போட்டார். பெரிய மூச்சு விட்டார். பம்பைக்காரர்கள் இல்லை. யாரோ கட்டையை எடுத்து நீலப் போர்டில் அடித்தார்கள். நல்ல தகரம், சத்தம் பம்பையை விட நன்றாக இருந்தது.

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதோம். படுகளத்தில் அழ வேண்டும், அது முறை. மற்ற வருஷங்களில் நான் ஒப்புக்கு அழுவேன். அன்று, "என் ராசா, குளிப்பாட்டி வளர்த்தனே, களை எடுத்துக் கொன்னனே" என்று நிஜமாகவே ஒப்பாரி வைத்தேன். அப்புறம் ஜனம் பாய்ந்தது. கூடை, சட்டி, பிளாஸ்டிக் பை, ஹெல்மெட்டில்கூட ஒருத்தர் அள்ளினார். கண் மூடித் திறப்பதற்குள் துரியோதனன் இருந்த இடத்தில் கொஞ்சம் வைக்கோல்தான் கிடந்தது.

அருணா கொட்டகைக் கம்பைப் பிடித்தபடி நின்றாள். யாரையும் தடுக்கவில்லை. "உள்ளே யாருமே இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

"இருந்தான் கண்ணு. எல்லாரும் எடுத்துக்கினு போயிட்டாங்க."

"இப்ப நான் எதைக் காப்பாத்தறது?"

"அடுத்த வைகாசிக்கு வா. செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு நாள் எங்களோட மண்ணு மிதி. அப்புறமா இந்தக் கேள்வியைக் கேளு" என்றேன். அவள் தலையாட்டினாள். போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

நெடுஞ்செழியனுக்குத்தான் பித்துப் பிடித்தது. போர்டு போகவில்லை. ஃபைபர்காரனை அந்தக் கொட்டகைக்குள் கிடத்தி அவனுக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்து வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் கார்க்காரர்கள் இறங்கி அந்த ஐநூறு வருஷத்துச் சிரிப்போடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர் பித்துக்குக் காரணம் வேறு. தாய்க்கட்டியைக் காணோம். அந்தக் கூச்சலில் சிவப்புத் தோய்ந்த முதல் கட்டியை யாரோ எடுத்துவிட்டார்கள். வீடு வீடாகக் கேட்டார், கூடைகளைக் கிளறினார், அருணாவின் பையைக்கூடத் திறந்து பார்த்தார். வெறும் பிரஷ்.

தீ மிதித்தோம், காப்பு அவிழ்த்தோம், கல்வெர்ட்டைத் தாண்டினோம். திண்டிவனத்தில் நானும் என் வீட்டுக்காரரும்தான் தாரை வார்த்தோம். கெங்கம்மாள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். பந்தியில் உட்கார்ந்தும் நெடுஞ்செழியன் புலம்பல் ஓயவில்லை. "தாய்க்கட்டி இல்லாம அடுத்த வருசம் எப்படிச் செய்யறது? ஊரே போச்சு" என்று பாயசத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சங்கவியைக் காரில் ஏற்றுகிற நேரம். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பிடி துரியோதனன் மண்ணை எடுத்து, "தொட்டியில போட்டு ஒரு செடி வை" என்று அவள் கையில் வைக்கப் போனேன். அவள் வாங்கவில்லை. யாரும் பார்க்காதபடி கைப்பையின் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றி உள்ளே ஒரு கட்டி இருந்தது. ஒரு பக்கம் சிவப்பு.

"அடிப் பாவி! நீயா?" என்றேன். யாருக்கும் கேட்காமல்தான்.

என் காதோரம் குனிந்தாள். "வைகாசி பொறந்தா ஊரே வண்டி கட்டிக்கினு வந்து என்னைக் கூப்பிட்டாகணும்ல? எங்க மாமியார் அனுப்ப மாட்டேன்னு சொல்லட்டும், பார்க்கலாம்."

அந்தப் பக்கம் நெடுஞ்செழியன் யாரிடமோ, "நீ எடுத்தியா? சத்தியமா சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பையைப் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் வாயில் விரலை வைத்தேன்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர். கார்க் கதவை நானே சாத்தினேன்.